லட்டு எக்கி நின்றது

போன குளிர்காலத்தில், பொங்கலை ஒட்டி, டெல்லியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஜனக்புரி பக்கம் ஒரு சந்தில், கீழ்த்தளத்தில் ஒரே அறையும் சின்னச் சமையலறையும் உள்ள வீடு எங்களுடையது. சொந்த ஊர் ஆத்தூர் பக்கம். இங்கே ஒரு அலுவலகத்துக்கு வண்டி ஓட்டுகிறேன். படிப்பு பத்தாவது வரைதான். அதனால் எழுத்தில் குறை இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்கத்தான் தடுமாறுவாள். இதை எழுதி முடித்ததும் அவளுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். எங்கேயாவது கூட்டிச் சொன்னால் அவள் விடமாட்டாள் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் மொட்டை மாடி அறையில் ஒரு பெண் வாடகைக்கு இருந்தார். இமாசலத்துக்காரர், வேலைக்குப் போகிறவர். என் மகளுக்கு அவர் தீதி, அதாவது அக்கா. என்னைப் பையா, என் மனைவியைப் பாபி, அதாவது அண்ணன், அண்ணி என்று கூப்பிடுவார். அந்தத் தீதி ஒரு பல்லி வளர்த்தார். நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்காவாம். முறைப்படி பதிவு செய்து, காகிதமெல்லாம் வைத்திருந்தார். பழுப்பும் வெண்மையுமாகப் பட்டை பட்டையான உடம்பு. சுவரில் ஏறத் தெரியாது. தரையில் குட்டி முதலை மாதிரி மெதுவாக நடக்கும். நம் பல்லிக்குக் கண்ணில் இமை கிடையாது, இதற்கு உண்டு. கண்ணை மூடும், திறக்கும். வால் மட்டும் உருண்டு கொழுத்திருக்கும். ஒட்டகத்துக்குத் திமில் மாதிரி, சாப்பாட்டை அது வாலில்தான் சேர்த்து வைக்குமாம். அந்த வாலைப் பார்த்துத்தான் தீதி அதற்கு லட்டு என்று பெயர் வைத்தார்.

டிசம்பர் மாசக் கடைசியில் தீதியின் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று ஊரிலிருந்து போன் வந்தது. ஹோலி வரைக்கும் அங்கே இருக்க வேண்டும். மலைக்குளிரில் லட்டுவைக் கொண்டுபோக முடியாது. அவர் என்னைக் கேட்கவில்லை, என் மனைவியையும் கேட்கவில்லை. நேராக என் மகளைக் கேட்டார். இவளும் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, "காட் பிராமிஸ் தீதி, லட்டுவை அப்படியே திருப்பித் தருவேன்" என்று சொல்லிவிட்டாள். டெல்லிப் பிள்ளைகள் அப்படிக் கழுத்தைக் கிள்ளிச் சத்தியம் செய்தால் பிறகு மாற்றிப் பேச முடியாது.

நான் வேலை முடிந்து வந்தபோது கண்ணாடிப் பெட்டி எங்கள் மேசை மேல் இருந்தது. உள்ளே உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்து ஒரு குகை, ஒரு தண்ணீர்க் கிண்ணம். பெட்டியின் அடியில் ஒரு பக்கத்தில் மட்டும், கரண்டில் சூடாகிற ஹீட்டிங் பேட் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் கதகதப்பு, இந்தப் பக்கம் குளுமை. லட்டு வேண்டிய பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் மனைவி சமையலறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"ஏங்க, செவுத்துல இருக்கற பல்லி பத்தாதுன்னு வெளிநாட்டுப் பல்லி வேற வந்திருக்கு. பாருங்க. அதுக்குச் சாப்பாடு என்னன்னும் கேளுங்க."

பெட்டிக்குப் பக்கத்தில் தீதி வைத்துவிட்டுப் போன டப்பாவைத் திறந்து பார்த்தேன். தவிட்டுக்குள் மஞ்சள் மஞ்சளாகப் புழு நெளிந்தது. மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஆத்தூரிலிருந்து வரும் தினசரி காலண்டர்தான் மாட்டியிருக்கும். அதன் அட்டைக்குப் பின்னால் பல்லி விழும் பலன் அச்சடித்திருப்பார்கள். தோளில் விழுந்தால் இது, காலில் விழுந்தால் அது என்று. சுவரில் பல்லி சத்தம் போட்டால் நாங்கள் தரையை விரலால் தட்டுவோம். பல்லி என்றாலே அது நமக்கு ஏதோ சொல்கிறது என்றுதான் எங்களுக்குப் பழக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், லட்டு வந்த முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. என் மகள் அதை எடுத்து என் தோளில் விட்டாள். அது மெல்ல மெல்லக் கழுத்தில் ஏறி, காதைத் தாண்டி, உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் அசையாமல் நிற்கிறேன். என் மனைவி ஓடிப்போய்க் காலண்டரைக் கழற்றி எடுத்து வந்தாள்.

"தலைன்னா கலகம்னு போட்டிருக்குங்க."

"அது விழல அம்மா. ஏறுச்சு" என்றாள் மகள். "ஏறினா என்னன்னு போட்டிருக்கா?"

காலண்டரில் அது போட்டிருக்கவில்லை. ஆனால் மறுநாள் காலைப் பனிமூட்டத்தில் ஒருத்தன் என் வண்டியை உரசிவிட்டு, இறங்கி என்னையே திட்டினான். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி காலண்டரை ஒரு பார்வை பார்த்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நானே பேச்சை எடுத்தேன். இந்தப் பிராணி வீட்டில் ஏதாவது தொந்தரவு கொடுத்தால், பக்கத்து மார்க்கெட்டில் கிளியும் மீனும் விற்கிற கடைக்காரரிடம் கொண்டுபோய் விட்டுவிடலாம், தீதி வந்ததும் அங்கிருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். என் மகள் நிமிர்ந்து பார்க்காமலே, "பிராமிஸ் பண்ணினது நான். கடைக்காரர் பண்ணலையே" என்றாள். சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை. குளிர் அதிகம் என்று பள்ளிக்கூடமும் மூடியிருந்தார்கள். பெட்டியின் முன்னால் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லட்டு பகலில் குகைக்குள் தூங்கும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெளியே வரும். தீதி சொல்லிக்கொடுத்ததையும் தானாகப் பார்த்ததையும் என்னிடம் வந்து சொல்வாள். புழுவைக் கண்டதும் வாலின் நுனி மட்டும் படபடவென்று நடுங்கினால் பசியோடு குறி பார்க்கிறதாம். வாலை உயர்த்தி, பாம்பு நெளிகிற மாதிரி மெதுவாக ஆட்டினால், பயமாயிருக்கிறது, கிட்டே வராதே என்று அர்த்தமாம். நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தால், நீ யார் என்று கேட்கிறதாம். கண்ணைப் பாதி மூடிக் காலை நீட்டிப் படுத்தால் சௌக்கியமாம்.

நான் நம்பவில்லை. வாலை ஆட்டுகிற பிராணி எது? நாய். நாய் எப்போது ஆட்டும்? சந்தோஷத்தில். என் கணக்கு அவ்வளவுதான். ஒருநாள் லட்டு வாலை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தபோது, நம்மைப் பார்த்துத்தான் ஆட்டுகிறது என்று நினைத்து, மேலேயிருந்து கையை விட்டுத் தலையைத் தடவப் போனேன். கீச்சென்று கத்தி விரலைப் பிடித்துக்கொண்டது. வலி பெரிதில்லை, துணி காயப்போடுகிற கிளிப்பை விரலில் மாட்டின மாதிரிதான். ஆனால் நான் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அவன் முதல்லயே சொன்னான். நீங்கதான் கேக்கல" என்றாள் மகள். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

அடுத்து போகி வந்தது. ஊரில் என்றால் வெள்ளையடிப்போம், பழசைக் கொளுத்துவோம். இங்கே வாடகை வீட்டில் அதெல்லாம் முடியாது. ஆனாலும் என் மனைவி ஒரு சாமானை விடாமல் நகர்த்தித் துடைத்தாள். மேசையைத் துடைக்க லட்டுவின் பெட்டியைத் தூக்கி டிரங்குப் பெட்டி மேல் வைக்க வேண்டியிருந்தது. அந்த டிரங்குப் பெட்டி என் மகளின் கட்டிலை ஒட்டி இருக்கும். இரும்புப் பெட்டி, தொட்டால் ஐஸ். பாவம், பிராணி விறைத்துப்போகுமே என்று நான் ஒரு பழைய ரஜாயை, அதுதான் இங்கே எல்லாரும் போர்த்துகிற பஞ்சுமெத்தைப் போர்வையை, நாலாக மடித்துக் கீழே போட்டு, அதன் மேல் கண்ணாடிப் பெட்டியை வைத்தேன். என் மனைவி பெட்டிக்குள்ளும் நன்றாகத் துடைத்து, சாமான்களைத் திரும்ப அடுக்கினாள். இடம் நன்றாயிருந்தது என்று அப்படியே விட்டுவிட்டோம். பிளக்கை மறக்காமல் திரும்பச் செருகியதும் நான்தான்.

பொங்கலன்று மதியம் சாமி கும்பிட்டு முடித்து வந்து பார்த்தால், லட்டு பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இறங்கி நிற்கிறது. என் மனைவிக்கு ஒரே சிரிப்பு.

"இதப் பாருங்க. பண்டிகைன்னு தெரிஞ்சு குளிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து அது கிண்ணத்தை விட்டு வெளியே வந்து, மூலையில் கண்ணாடியைப் பிறாண்ட ஆரம்பித்தது. முன்னங்காலால் மாற்றி மாற்றிப் பிறாண்டும், வழுக்கும், திரும்ப ஏறும். ஊருக்குப் போகணும்னு அடம் பிடிக்குது என்று நான் சொன்னேன். போனில் படம் எடுத்து ஆத்தூருக்கு அனுப்பினோம். லட்டு டான்ஸ் ஆடுகிறது என்று மச்சான் திருப்பிப் பதில் போட்டிருந்தார். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "இந்நேரம் அவன் தூங்கணுமே" என்று சொன்னாள். சாயந்தரம் புழு கொடுத்தாள். அது பார்த்தது, திரும்பிக்கொண்டது. வால் நுனி அசையவே இல்லை.

மறுநாள் மாட்டுப் பொங்கல். எனக்கு விடுமுறை. காலையிலிருந்து லட்டு குகைக்குள் போகவே இல்லை. குளுமைப் பக்க மூலையில், நாலு காலையும் விறைப்பாக ஊன்றி, வயிறு தரையில் படாமல் எக்கி நின்றது. வாலையும் தரையில் விடாமல் தூக்கிப் பிடித்திருந்தது. ஒரு காலைத் தூக்கும், வைக்கும். இன்னொன்றைத் தூக்கும். வாய் வேறு திறந்திருந்தது. முந்தின நாள் சிரிப்பாக இருந்தது, இப்போது பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. என் மனைவி பயந்துபோனாள்.

"வாயத் தெறந்து நம்மளையே பாக்குது. எனக்கு நல்லதாப் படலங்க. பண்டிகை நாளும் அதுவுமா வீட்டுல ஒரு உசுரு போச்சுன்னா?"

எனக்கும் அதே நினைப்புதான். இன்னொருத்தர் பொருள். நம் கையில் செத்துப்போனால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? அதைவிட, மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கடைக்காரரிடம் கொண்டுபோனால் அவருக்கு ஏதாவது தெரியலாம், இல்லையென்றால் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பால் வாங்குகிற சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, பழைய துண்டு ஒன்றை விரித்து வைத்தேன். பெரிய பெட்டி அப்படியே இருக்கட்டும், லட்டுவை மட்டும் இதில் எடுத்துப் போகலாம் என்பது என் திட்டம். ஜாக்கெட் போட்டு, குரங்குக் குல்லாவையும் மாட்டிவிட்டேன்.

என் மகள் அழவில்லை. "தோ மினிட் அப்பா, ரெண்டே நிமிஷம்" என்றாள்.

"ஜல்தி பண்ணு. கடை மூடிடுவான்."

அவள் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தாள். ஏதோ சமாதானம் சொல்லி வழியனுப்புகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் எழுந்து நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தின் ஓரத்தை மட்டும் தரையில் வைத்து, குதிகாலைத் தூக்கி, கால் மாற்றிக் கால் வைத்து லட்டு மாதிரியே நின்று பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. விளையாடுகிற நேரமா இது என்று வாய் வரை வந்துவிட்டது.

"அப்பா, மே மாசம் மொட்டை மாடில துணி எடுக்கப் போவேன்ல. சப்பல் போடாம. அப்ப இப்படித்தானே நிப்பேன்?"

"அதுக்கு?"

"அவனுக்குக் கால் சுடுது."

சொல்லிக்கொண்டே அவள் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டாள். லட்டு வாலைக்கூட ஆட்டவில்லை. அவள் தரையைத் தொட்டாள், உடனே கையை இழுத்துக்கொண்டாள். "பஹுத் கரம் ஹை அப்பா. இங்கயே இவ்வளவு சூடு. அந்தப் பக்கம் தொடவே முடியல."

நான் அப்போதும் நம்பாமல்தான் பெட்டிக்கும் ரஜாய்க்கும் நடுவே விரலை நுழைத்தேன். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் துணி பொசுங்குகிற வாசனை. காலையிலிருந்து அந்த வாசனை வீட்டில் லேசாக இருந்திருக்கிறது. ஊதுபத்தி, நெய், பொங்கல் என்று எல்லாவற்றோடும் கலந்துபோய் எங்களுக்குத் தெரியவில்லை. பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். மகள் லட்டுவை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடுத்துக்கொண்டாள். நானும் மனைவியுமாகப் பெட்டியைத் தூக்கி நகர்த்தினோம். ரஜாயில் பேட் இருந்த இடம் முழுக்கப் பழுப்பேறியிருந்தது. நடுவில் கறுத்தே போயிருந்தது. பேட்டின் ஓரத்தில் ஒயர் சேருகிற இடத்தில் பிளாஸ்டிக் இளகி வழிந்து துணியோடு ஒட்டியிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, என் மகளின் கட்டிலிலிருந்து தொங்குகிற படுக்கை விரிப்பு.

ரஜாயை வாசலில் போட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். என் மனைவி கட்டிலைப் பார்த்தாள், டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் அந்தக் கட்டிலில்தான் படுப்பாள். நான் லட்டுவை மட்டும் டப்பாவில் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தால், காலியான பெட்டி சூடேறிக்கொண்டே அங்கே இருந்திருக்கும். பெட்டி சுடுகிறது என்று சொல்ல அந்த வீட்டில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தீதிக்கு வீடியோ கால் போட்டோம். பேசவே கூசியது. நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பெண். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினார். லட்டுவைத் திருப்பி வயிற்றைக் காட்டச் சொன்னார். வயிறு சிவந்திருந்தது. கால் விரல்களும்தான். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியில் படுக்க வையுங்கள், உடனே இந்த டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்று இடம் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பையா, உங்க மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அவர்தான் காரணத்தையும் கண்டுபிடித்தார். பெட்டிக்குள் மெல்லிய ஒயர் ஒன்று இருக்கும், அதன் நுனியில் சின்ன மொட்டு இருக்கும், அது எங்கே என்று கேட்டார். நாங்கள் தேடினோம். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், ஜில்லென்ற சிமெண்டுத் தரையில் கிடந்தது. பெட்டியின் உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்து, போதும் என்றதும் பேட்டை நிறுத்துவது அந்த மொட்டுதானாம். அது வெளியே குளிரில் கிடந்ததால், இன்னும் சூடு பத்தவில்லை, பத்தவில்லை என்று பேட்டை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. போதாததற்கு நான் அடியில் ரஜாயைப் போட்டுச் சூடு வெளியே போகாமல் அடைத்துவிட்டேன்.

என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "நான்தான் எடுத்துப் போட்டேன், போகிக்குத் துடைக்கும்போது, ஏதோ வேண்டாத ஒயருன்னு நினைச்சேன்" என்று சொல்லி அழுதாள். அந்தப் பக்கம் தீதி, "பாபி, இவ்வளவு சுத்தமா அந்தப் பெட்டியை நானே ஒருநாளும் துடைச்சதில்லை" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

டாக்டர் மருந்து தடவினார். புண் மேலோட்டமானதுதான், இன்னும் ஒருநாள் அப்படியே இருந்திருந்தால் பிழைத்திருக்காது என்றார். இந்தப் பிராணிகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் சத்தம் போடத் தெரியாது, நிற்கிற விதத்திலும் இருக்கிற இடத்திலும்தான் தெரியும் என்றும் சொன்னார். என் மகள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே ஒரு பார்வைதான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கவலை தொடங்கியது. லட்டு சாப்பிடவில்லை. இரண்டு மூன்று நாளில் வால் கண்ணுக்குத் தெரிய மெலிந்தது. புது பேட் வாங்கி, ஒயர் நுனி மொட்டைப் பெட்டிக்கு உள்ளே டேப் போட்டு ஒட்டி, மேசை மேலேயே பெட்டியை வைத்தோம். காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும் இப்போது மகளின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து லட்டுவைப் பார்த்தோம். குகைக்குள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, வயிற்றைத் தரையில் வைக்கிறதா, கண் திறந்திருக்கிறதா என்று. வேலையிலிருந்து போன் போட்டால் என் மனைவி முதலில் சொல்வது அதுதான். "படுத்திருக்குங்க. காலத் தூக்கல. நல்லாத்தான் படுத்திருக்கு."

தை மாசம் பாதி போயிருக்கும். ஒரு சாயந்தரம் நான் வண்டியை விட்டுவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல் அடங்கி வந்தது, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி.

"ஏங்க, இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

போய்ப் பார்த்தேன். புழு டப்பாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், இடுக்கியில் ஒரு புழுவைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் மேல் குனிந்திருந்தாள். மகள் பக்கத்தில் மூச்சு விடாமல் நின்றாள். லட்டு குகையின் வாசலில் தலையை நீட்டிக்கொண்டு, அசையாமல் புழுவையே பார்த்தது.

"நுனி ஆடுதுங்க. வால் நுனி மட்டும் ஆடுது பாருங்க."

ஆடியது. முதலில் லேசாக, பிறகு படபடவென்று. ஒரே பாய்ச்சலில் புழு இல்லை. நாக்கால் வாயை நக்கிக்கொண்டு அடுத்ததுக்கு நிமிர்ந்து பார்த்தது. என் மனைவி இன்னொன்றைத் தேடித் தவிட்டுக்குள் வெறும் விரலையே விட்டுவிட்டாள். பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்து, ஐயோ என்று கையை உதறினாள். மகள் தரையில் உருண்டு சிரித்தாள். பண்டிகையன்று இல்லாத சந்தோஷம் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் இருந்தது.

ஹோலி முடிந்து தீதி திரும்பி வந்தார். பையைக்கூட மேலே கொண்டுபோய் வைக்கவில்லை, நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். லட்டுவின் வால் பழையபடி உருண்டிருந்தது. வயிற்றில் சிவப்பு போய் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருந்தது. ஆசையில் அவர் சட்டென்று கையை உள்ளே விட்டார். லட்டு வாலை உயர்த்தி மெதுவாக நெளித்தது.

"தீதி, ருக்கோ, நில்லுங்க" என்று என் மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "இப்ப வேணாம்னு சொல்றான். ரொம்ப நாள் ஆச்சுல்ல, உங்க வாசனை மறந்திருப்பான்."

வளர்த்தவரே கையை இழுத்துக்கொண்டார். உள்ளங்கையைத் தரையில் மலர்த்தி வைத்துக் காத்திருந்தார். டீ ஆறிப்போனது. லட்டு மெல்ல வந்து நாக்கை நீட்டி விரலைத் தொட்டது, இன்னொரு முறை தொட்டது, பிறகு உள்ளங்கையில் ஏறி வயிற்றை முழுசாகப் பதித்துப் படுத்துக்கொண்டது. தீதிக்குக் கண் கலங்கியது. "நீ சொன்ன மாதிரியே திருப்பிக் குடுத்துட்ட" என்று என் மகளைக் கட்டிக்கொண்டார். இவளும் சரி என்று பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டிவிட்டு, அவர் பெட்டியோடு படியேறிப் போன பிறகு மேசையின் காலியான இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் நிற்கிறாய் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நானும் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளைகளே, நீங்கள் யாரும் இதைப் படித்துவிட்டுப் பல்லி வளர்க்க வேண்டும் என்று வீட்டில் அடம் பிடிக்க வேண்டாம். சுவரில் இருப்பதைப் பிடித்து டப்பாவில் போடவும் வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நாய், பூனை, கோழி, புறா என்று ஏதாவது இருக்கும். அது எப்படி நிற்கிறது, எங்கே போய் உட்காருகிறது, எதை விட்டு விலகுகிறது என்று கொஞ்ச நேரம் பாருங்கள். பெரியவர்கள் எங்களுக்கு அவசரம். நாங்கள் பார்த்ததும் அர்த்தம் சொல்லிவிடுவோம், அதுவும் எங்களைப் பற்றிய அர்த்தமாகத்தான் இருக்கும். கலகம் வருமா, காசு வருமா என்று. அந்த உயிருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க என் மகளுக்குத்தான் தோன்றியது.

இப்போதும் வண்டியை எடுக்கும் முன் மேல்மாடிப் பக்கம் ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறேன். கையளவு உடம்பை வைத்துக்கொண்டு தன்னால் முடிந்த வழியில் எல்லாம் எங்களிடம் சொல்லிப் பார்த்த அந்தச் சின்ன உயிருக்கும், அது சொன்னதை நின்று கேட்ட என் மகளுக்கும், மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருகிற ஒவ்வொரு வேளையும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.